கண்டக்டர் தட்டில் கூடுதலாக ஒரு அப்பளம்

வண்டியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டும் இடத்தில் எங்கள் டிரைவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் லாரி ஓட்டிய பெரியவர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. நடு சீட்டில் ஜன்னலோரம் பென்னலூர் அம்மா, சாப்பிட மாட்டேன் என்பவர். அதே சீட்டின் மறுகோடியில் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முந்தாநாள் விழுந்ததில் அவருடைய இடது கண் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நான். பின்னால் மடித்து வைத்த சக்கர நாற்காலியும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்.

அன்றைக்கு எங்கள் முதியோர் இல்லத்தில் ஆடிட். தரச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மேடம் வந்து பார்ப்பார். அவர் கண்ணில் இந்த மூன்று பேரும் படக் கூடாது. அதனால் ஏற்றிக்கொண்டு குன்றத்தூர் போய்க்கொண்டிருந்தோம்.

இல்லம் வல்லம் வடகால் தாண்டி இருக்கிறது. கம்பெனிப் பெண்கள் தங்குவதற்கு ஹாஸ்டலாகக் கட்டிய கட்டடம் அது. கட்டி முடிப்பதற்குள் கம்பெனி சொந்தமாகவே ஹாஸ்டல் கட்டிக்கொண்டது. பெண்கள் வராவிட்டால் போகிறது, வேலைக்குப் போகிறவர்களுடைய அம்மா அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று முதலாளி பெயர்ப்பலகையை மாற்றினார். மற்றது எதையும் மாற்றவில்லை. குளியலறைக் கதவில் இன்னும் ஹாஸ்டல் விதி ஒட்டியிருக்கிறது. ஆண் நண்பர்களை உள்ளே அழைத்து வரக் கூடாது என்று. லாரிப் பெரியவர் அதை தினமும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

நான் எட்டாவது வரை. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றேன். காண்ட்ராக்ட் முடிந்தது. இங்கே வந்தேன். அங்கே ஒயரைத் துடைத்தேன், இங்கே மனிதரைத் துடைக்கிறேன். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சார் எனக்குப் பின்னால் வந்தவர். பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்து ரிட்டயர் ஆனவர். வாசலில் தரச் சான்றிதழ் மாட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதற்காக அவரை மேனேஜராகப் போட்டார்.

அவர் நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் வருவதற்கு முன் மாத்திரை எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். கைக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகும். ஒரு முறை யாருடைய தூக்க மாத்திரையோ கண்டக்டருக்குப் போய்விட்டது. மறுநாள் மாலை வரை தூங்கினார். எழுந்ததும் ஸ்டாப்பிங் தாண்டிவிட்டதா என்று கேட்டார். சார் வந்து ஆளுக்கு ஒரு பெட்டி, வேளைக்கு ஒரு நிறம் என்று வைத்தார். அதற்குப் பிறகு ஒரு மாத்திரை மாறவில்லை. கை கழுவச் சொல்லிக் கூடவே நின்றார். மாதத்துக்கு ஒரு தடவை மொத்த இல்லத்துக்கும் வயிற்றால் போகும், அது நின்றது. பாதி நாள் பாத்ரூம் கழுவின எனக்கு அது தெரியும்.

அதோடு அவர் நிற்கவில்லை.

தரையில் மஞ்சள் கோடு போட்டார். கட்டிலைச் சுற்றிக் கோடு, நாற்காலியைச் சுற்றிக் கோடு, செருப்புக்குக் கூடக் கோடு. பொருள் கோட்டுக்குள் இருக்க வேண்டும், ஆளும் கோட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டினார். நாற்காலியில் நாற்காலி என்று ஒட்டியிருக்கும். குப்பைத்தொட்டி என்று ஒட்டியதை லாரிப் பெரியவர் உரித்து சார் ரூம் கதவில் ஒட்டினார். சார் அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பசை சரியில்லை, வேறு வாங்க வேண்டும் என்றார்.

ஹாலில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தார். எழுதிப் போட்டால் மூன்று நாளில் தீர்வு. அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போதெல்லாம் ஹாலில் நீள பெஞ்சில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பென்னலூர் அம்மா கண்டக்டருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். தன் தட்டைத் தொடுவதற்கு முன் அவர் தட்டைப் பார்ப்பார். அங்கே ஒரு உருளைக்கிழங்கு பெரியதாக இருக்கும். எடுத்துக்கொள்வார். அப்பளம் முழுசாக இருக்கும். பாதியை உடைத்துக்கொள்வார். கண்டக்டர் முறைப்பார். என் சர்வீசில் எந்த செக்கிங் இன்ஸ்பெக்டரும் என்னை இப்படிச் சோதித்ததில்லை என்பார். ரெண்டாவது சோறு வாங்கினவன் பேசாதே என்று அந்த அம்மா சொல்வார். சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேர் தட்டும் காலியாகிவிடும். 

கண்டக்டருக்குப் பொழுது போகவில்லை. புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டார். பக்கத்து சீட் பயணி டிக்கெட் இல்லாமல் என் தட்டில் பயணம் செய்கிறார் என்று. எழுதிவிட்டு எங்களிடம் படித்தும் காட்டினார். நாங்கள் சிரித்தோம்.

சார் சிரிக்கவில்லை. அவருக்கு அது கஸ்டமர் கம்ப்ளைன்ட். மூன்றே நாளில் தீர்த்தார். பெஞ்சை எடுத்துவிட்டார். இனி அவரவர் கட்டிலில் அவரவர் தட்டு. குழி வைத்த தட்டு, எடை போட்ட சோறு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, பெயர் எழுதி. பென்னலூர் அம்மா கிழக்குக் கோடி ரூம். கண்டக்டர் மேற்குக் கோடி ரூம். இனிமேல் எந்தப் புகாரும் வராது என்றார். வரவில்லை.

பென்னலூர் அம்மா சாப்பிடுவது குறைந்தது. தட்டு போனபடியே திரும்பி வரும். வரும்போது நாற்பத்துமூன்று கிலோ இருந்தவர் மாதா மாதம் இறங்கினார். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது.

அவருக்கு ஒரே மகள். ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் வேலை. ஷிப்டுக்கு ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிறவள். குன்றத்தூரில் ஒரே ரூமில் நான்கு பெண்களோடு இருக்கிறாள், அம்மாவை வைத்துக்கொள்ள இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆறிப்போன தட்டைப் பார்த்துவிட்டு, எங்களை ஒன்றும் கேட்காமல் போவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருக்கும்.

சார் விட்டுவிடவில்லை. அவர் கம்பெனியில் ஒரு பழக்கம். ஏதாவது கெட்டுப்போனால் ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் காரணம் வந்துவிடும். போர்டை உருட்டிக்கொண்டு கிழக்குக் கோடி ரூமுக்குப் போனார். பேனாவோடு நின்றார்.

"ஏம்மா சாப்பிட மாட்டேங்கறீங்க?"

"பசிக்கல."

"ஏன் பசிக்கல?"

"சோறு புடிக்கல."

"ஏன் புடிக்கல?"

"மேல பிளாஸ்டிக்கு ஒட்டிகினு கீது."

"ஏன் ஒட்டியிருக்கு?"

"நீதான ஒட்ட சொன்ன."

"நான் ஏன் ஒட்டச் சொன்னேன்?"

"அத போயி உன் பொண்டாட்டியாண்ட கேளு."

நாலு பதிலை சார் போர்டில் எழுதினார். ஐந்தாவதை எழுதவில்லை. மறுநாள் முதல் பிளாஸ்டிக் நின்றது. அப்படியும் அந்த அம்மா சாப்பிடவில்லை. அரிசி மாற்றினோம். உப்பு கூட்டினோம். உப்பு குறைத்தோம். தட்டின் நிறம் மாற்றினோம். சோற்றில் ஒரு கருவியைக் குத்தி சூடு பார்த்தார் சார். அதைப் பார்த்த பிறகு அந்த அம்மா காபியும் வேண்டாம் என்றார்.

அந்த மாதம் முப்பத்தெட்டேகால் கிலோ. வாரம் ஒரு முறை வரும் டாக்டர் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த எடையில் முப்பத்தெட்டுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும். குழாய் போட்டவர்களைப் பார்த்துக்கொள்ள இங்கே நர்ஸ் இல்லை, செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். மகள் தலையை ஆட்டினாள். அங்கே போனால் மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

பென்னலூர் அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இதற்கு நடுவில் கண்டக்டர் விழ ஆரம்பித்தார். வராந்தாவில் ஒரு முறை. கிழக்குப் படி ஓரத்தில் ஒரு முறை. முந்தாநாள் விழுந்தது பெண்கள் ரூம் வாசலில். அவர் ரூம் மேற்கில். சாப்பாட்டு வேளையில் இங்கே என்ன வேலை என்று கேட்டேன். காலுக்கு நடை வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

ஆடிட்டுக்கு முதல் நாள் மீட்டிங். சார், டிரைவர், சமையல்காரம்மா, நான். எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்று பாயின்ட்தான் இடிக்கிறது என்றார் சார். ஒன்று, எடை குறைந்த அம்மா. இரண்டு, கண் வீங்கிய கண்டக்டர். மூன்று, மேடத்தைப் பார்த்ததும் லாரிப் பெரியவர் என்ன பேசுவார் என்பது.

கம்பெனியில் நின்ற எல்லோருக்கும் ஆடிட் அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியும். கெட்டுப்போன பாகங்களை எல்லாம் வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புவார்கள். ஆடிட்டர் போன பிறகு வண்டி திரும்பி வரும். எங்கள் ஒயர் கம்பெனியிலும் அப்படித்தான்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "சார், ரிஜெக்ட் பீஸ வண்டியில ஏத்திடலாமா?"

சாருக்கு முகம் சிவந்தது. "எங்க கம்பெனியில அந்த மாதிரி வேலையெல்லாம் நடக்காதுப்பா."

"சார், உங்க கம்பெனி வண்டியத்தான் சார் நான் ஓட்டினேன்."

சார் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள் என்றார்.

காலையில் டிரைவர் வாசலில் நின்று ரிஜெக்ட் எல்லாம் ஏறுங்க என்று கத்தினார். மற்றவர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். கண்டக்டர் சட்டை மாற்றி, தலை சீவி, வீங்கிய கண்ணுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்.

ஷிப்ட் விடும் நேரம். ரோடு முழுக்கக் கம்பெனி பஸ். நடுநடுவே கன்டெய்னர் லாரி. எங்கள் டிரைவருக்கு அன்றைக்குப் போதாத காலம். பக்கத்தில் இருந்தவர் கியர் மாற்றுவது முதல் கண்ணாடி பார்ப்பது வரை குற்றம் கண்டுபிடித்தார். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வார்த்தை சொன்னார். ஒரு வார்த்தை இரண்டாவது தடவை வரவில்லை. பின்னாலிருந்து கண்டக்டர் ஆள் நிற்கும் இடத்தில் எல்லாம் விசில் கொடுத்தார். விசில் சத்தத்துக்கு டிரைவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. இரண்டு இடத்தில் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவதற்கு ஓடி வந்தார்கள்.

ஒரு வேகத்தடை வந்தது. லாரிப் பெரியவர் பிரேக்கு என்றார். கண்டக்டர் ரைட் என்றார். டிரைவர் இரண்டையும் கேட்டார். வண்டி எழும்பி விழுந்தது. பின்னால் சாப்பாட்டுப் பெட்டி கவிழ்ந்தது. சார் எடை போட்டு, பெயர் எழுதி, தனித்தனியாக அனுப்பிய மூன்று தட்டும் ஒன்றாகக் கலந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டன.

குன்றத்தூர் மலை அடிவாரத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து நிறுத்தினோம். படி ஏற இவர்களால் முடியாது. வண்டியில் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லாரிப் பெரியவர் சாமி கும்பிடும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

டிரைவர் போய் ஐந்து பொட்டலம் புளிசாதம் வாங்கி வந்தார். பொட்டலத்துக்கு ஒரு வடை. நான் நாற்காலியைத் துடைத்துவிட்டு வந்து, கை கழுவ இறங்கினேன். பென்னலூர் அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வேண்டாமாம். நான் எழுந்ததால் நடுவில் ஆள் இல்லை. கண்டக்டர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

பென்னலூர் அம்மா திரும்பினார். கண்டக்டரின் இலையைப் பார்த்தார்.

"இன்னாய்யா, உன் வட மட்டும் பெருசா கீது?"

"எல்லாம் ஒரே கடையில வாங்கனதுதாம்மா. உன்து உன் மடியில கீது."

"அத நீ துன்னு."

வடையை எடுத்தார். அதற்குப் பிறகு சாதத்தில் இருந்த வேர்க்கடலையைப் பொறுக்கினார். பிறகு சாதம். கண்டக்டர் இலையைத் தன் பக்கம் இழுப்பார், அவர் தன் பக்கம் இழுப்பார். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே ஏறினால் நின்றுவிடுமோ என்று இருந்தது. இலை காலியானது. கண்டக்டர் அந்த அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் பாதி அந்த அம்மாவே சாப்பிட்டார், மிச்சத்தில் கண்டக்டருக்கு மிளகாய்தான் அதிகம்.

கண்டக்டர் விரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். வீங்காத கண்ணில் மட்டும் சிரித்தார்.

அப்போது போன் வந்தது. சார். "பீஸையெல்லாம் கொண்டாந்துடுங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நடந்ததைச் சமையல்காரம்மா பிறகு சொன்னார். மேடம் வந்ததும் மாத்திரைப் பெட்டிகளைப் பார்த்தாராம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம். கை கழுவும் இடம் நன்றாக இருக்கிறது என்றாராம். சார் நிமிர்ந்து நின்றாராம். பிறகு மேடம் ஹாலுக்குப் போய் ஏதாவது குறை உண்டா என்று கேட்டிருக்கிறார். அதற்கு எல்லோரையும் ஒரு வாரமாகப் பழக்கி வைத்திருந்தோம். குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். முதலில் எழுந்தது, இருப்பவர்களிலேயே அமைதியான கிழவி. வெங்காடு பக்கத்து விவசாயக் குடும்பம். கேட்டது தராவிட்டாலும் கும்பிடுகிறவர்.

"ரிஜெக்ட் ஆன மூணு பேர மட்டும் குன்றத்தூருக்கு இட்டுகினு போயிட்டாங்கமா. நாங்க இன்னா பண்ணோம்? மாத்திரய ஒழுங்கா துண்றோம். கோட்டுக்குள்ளயே குந்திகினு கீறோம். எங்கள எப்ப ரிஜெக்ட் பண்ணுவாங்க, கேட்டு சொல்லு."

அதற்குள் இன்னொரு பெரியவர் துண்டை விரித்து மெதுவாகத் தரையில் படுத்தாராம். நானும் விழுந்துவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம். மற்றொருவர் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு இன்றையிலிருந்து எனக்கும் பசி இல்லை என்றாராம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். கண்டக்டர் கதவைத் திறந்து வல்லம் வடகால் எல்லாம் எறங்கு என்று குரல் கொடுத்து இறங்கினார். பவுடர் கரைந்து கண் நீலமாகத் தெரிந்தது. பென்னலூர் அம்மா புடவை முழுக்கப் புளிசாதம். லாரிப் பெரியவர் இறங்கியதும் சார் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். நல்லா பாத்துக்குறாங்க தாயி என்றார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கோயிலுக்குப் போய்வந்த நாளில் கெட்ட வார்த்தை பேச மாட்டாராம். அது எங்களுக்குத் தெரிந்திருந்தால் பக்கத்துக் கோயிலோடு முடித்திருப்போம், பெட்ரோலில் கொஞ்சம் மிச்சம் ஆகியிருக்கும்.

மேடம் கோபப்படவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஒளிச்சு வெச்ச மூணு பேரைத்தான் சார் நான் பாக்க வந்தேன்" என்றார். இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்று காரில் ஏறினார்.

சார் ஹாலில் உட்கார்ந்தார். நாற்காலி கோட்டுக்கு வெளியே இருந்தது, அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மா வழியில் ஏதாவது சாப்பிட்டார்களா என்று என்னைக் கேட்டார்.

"சாப்பிட்டாங்க சார்."

"எவ்வளவு கிராம்?"

"கண்டக்டர் பொட்டலம் முழுசும். அவங்க பொட்டலத்துல பாதி."

சார் என்னைப் பார்த்தார். மேற்குக் கோடியைப் பார்த்தார், கிழக்குக் கோடியைப் பார்த்தார். கண்டக்டர் எங்கெங்கே விழுந்தார் என்று கேட்டார். வராந்தா, படி ஓரம், பெண்கள் ரூம் வாசல் என்று சொன்னேன். எந்த நேரம் என்றார். சாப்பாட்டு நேரம் என்றேன். சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு டிஃபெக்ட். ஒரே காரணம். அந்தக் கம்ப்ளைன்ட்ட மூடினது நான்தான்" என்றார்.

மறுநாள் பெஞ்சு ஹாலுக்கு வந்தது. பென்னலூர் அம்மாவும் கண்டக்டரும் பக்கத்தில் பக்கத்தில். சார் சும்மா விடுவாரா? இருவர் தட்டுக்கும் நடுவில் பெஞ்சின் மேல் ஒரு மஞ்சள் கோடு போட்டார். எதற்கு சார் என்று கேட்டேன். தாண்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா என்றார். சமையலறைச் சுவரில் ஒரு தாளும் ஒட்டினார். பென்னலூர் அம்மாவுக்கு தினமும் கூடுதலாக ஒரு அப்பளம், ஒரு கரண்டி பொரியல். அதை அவர் தட்டில் வைக்கக் கூடாது. கண்டக்டர் தட்டில் வைக்க வேண்டும்.

தாளைப் படித்துவிட்டு சமையல்காரம்மா, முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்தது இதற்குத்தானா என்று என் காதில் சொன்னார். ஆனால் தவறாமல் வைத்தார்.

கண்டக்டர் தினமும் புகார் எழுதினார். அப்பளம் களவு. கத்திரிக்காய் களவு. இன்று தயிர். சார் ஒவ்வொன்றையும் படித்து மடித்துத் திரும்பவும் பெட்டியிலேயே போட்டார். மூன்று நாள் ஆகிவிட்டதே சார் என்று டிரைவர் வேண்டும் என்றே கேட்டார். திறந்தே இருக்கட்டும்பா என்றார் சார். கண்டக்டர் அதற்குப் பிறகு விழவில்லை. விழுவதற்கு அவர் எங்கேயும் போகவில்லை.

மூன்று வாரம் ஓடியது. எடை போடும் நாள் வந்தது.

அன்றைக்குக் காலையில் சமையலறையில் ரகளை. இஞ்சி நசுக்கும் குழவியைக் காணோம். உரல் இருக்கிறது, குழவி இல்லை. குழவி வைக்கும் இடத்தில் மஞ்சள் வட்டமும் குழவி என்ற எழுத்தும் மட்டும் இருந்தன. சமையல்காரம்மா டம்ளர் அடியால் இஞ்சியைத் தட்டிக்கொண்டு எல்லோரையும் திட்டினார். கண்டக்டர் அந்தப் பக்கமாக வந்து, டீயில் இன்றைக்கு இஞ்சி குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் வந்தார். மகள் ஓவர்டைமை விட்டுவிட்டு யூனிபார்மிலேயே வந்திருந்தாள். தலையில் கேன்டீன் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தாள். பென்னலூர் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். இடுப்பு வலியா என்று கேட்டேன். கையை எடுக்காமல் நடந்தார். எடை மெஷினில் ஏறினார். மெஷின் நாற்பதரை காட்டியது.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சிரித்தார். டிரைவர் கை தட்டினார். சார் மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு வாரத்துல ரெண்டேகால் கிலோ ஏறாது" என்றார். "மெஷின்ல தப்பு இருக்கு."

அந்த அம்மாவை இறக்கிவிட்டு அவரே ஏறிப் பார்த்தார். சரியாக இருந்தது. என்னை ஏறச் சொன்னார். சரியாக இருந்தது. மறுபடியும் அம்மா ஏறட்டும் என்றார். பென்னலூர் அம்மா ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். மடி அவிழ்ந்தது. டங்கென்று ஒரு சத்தம். குழவி உருண்டு போய் சார் காலடியில் மஞ்சள் கோட்டின் மேல் நின்றது.

சமையல்காரம்மா ஓடிவந்து எடுத்துக்கொண்டார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பென்னலூர் அம்மா மெஷின் ஓரத்தில் நின்றிருந்தார். முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். குழாய் போடுகிற இடத்தை மூடுகிற மாதிரி இருந்தது.

"செங்கல்பட்டு வாணாம்பா" என்றார் சாரிடம். "நான் துண்றேன். இவன் தட்டுல எவ்ளோ வெச்சாலும் துண்றேன்."

மகள் தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினாள். டாக்டர் சாரைப் பார்த்தார். சார் பேனாவை எடுக்கவில்லை. குனிந்து மெஷினைத் துடைத்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

முள் இல்லாத மெஷின். எண் ஏறி இறங்கி, மறுபடி ஏறியது. கண்டக்டர்தான் முதலில் குனிந்து பார்த்தார். சில்லறை எண்ணிச் சொல்கிற குரலில் படித்தார்.

முப்பத்தொன்பது கிலோ நூறு கிராம்.